பார்களும் பெயர்களும்: தென்பாண்டிக் கடலடி வாழிடங்களை வரைதலும் நலம் அறிதலும்

ஆய்வுச் சுருக்கம்

மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் கடந்த இருபதாண்டுகளில் முறையாக அளக்கப்பட்டுள்ளன. அவ்வளவீடுகள் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றியே பெரிதும் அமைந்தவை. அதற்குத் தெற்கே, வள்ளியூர் வட்டாரத்தின் கடற்கரையாகிய உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி ஆகிய ஊர்களுக்கு அப்பால், நீரில் மூழ்கிக் கிடக்கும் பார்கள் மீனவர் நினைவிலும் வழக்கிலுமே மிகுதியும் பதிந்துள்ளன. கடலடி வாழிடத்தை வரைவதும் அதன் நலத்தை அறிவதும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பார்ப்பெயர்களும் கரைக்குறிகளும் அப்பணிக்குரிய தரவுகள் என்பதையும், அவற்றைத் தொகுப்பது தமிழியல் மேற்கொள்ளவேண்டிய காலத்தாழ்வுக்கு இடமற்ற பணி என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பார், பவளத்திட்டு, மன்னார் வளைகுடா, முத்துச் சலாபம், கரைக்குறி, பாகம், நெய்தல் வழக்காறு.

முன்னுரை

நிலத்தில் உள்ள காட்டின் நிலையை அறிய விரும்புவோர் அதனுள் நடந்து பார்க்கலாம், வானிலிருந்தும் பார்க்கலாம். கடலடிக்கு இவ்விரு வழிகளும் எளிதில் வாய்ப்பதில்லை. பத்துப் பதினைந்து மீட்டர் நீருக்குக் கீழே உள்ள ஒரு பாறைத்திட்டு எங்குள்ளது, எவ்வளவு பரந்தது, அதன்மேல் எவை வாழ்கின்றன, முன்னிருந்ததைவிட இன்று செழித்துள்ளதா நலிந்துள்ளதா என்னும் வினாக்களுக்கு விடை காண்பது தனியொரு துறையாக வளர்ந்துள்ளது. முதலிரு வினாக்கள் வரைபடம் சார்ந்தவை. பின்னிரு வினாக்கள் நலமறிதல் சார்ந்தவை. இவற்றுள் இறுதி வினாவே கடினமானது. இன்றைய நிலையை மட்டும் அறிந்து அதற்கு விடையளிக்க இயலாது. ஒப்பிடுவதற்குரிய பழைய நிலையும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பழைய நிலைக்கான சான்றுகள் எழுத்தாவணங்களில் மட்டும் இல்லை. கடற்றொழில் செய்வோரின் சொற்களிலும் அவை தங்கியுள்ளன. ஆகவே இப்பொருள் கடலியலார்க்கு மட்டுமன்றித் தமிழாய்வாளர்க்கும் உரியதாகிறது.

‘பார்’ என்னும் சொல்

பார் என்பதற்கு உலகு, நிலம், பரப்பு எனப் பல பொருள்கள் வழங்குகின்றன. வன்னிலம், பாறைநிலம் என்னும் பொருளும் பழமையானது. புறநானூற்றில் அகழியைக் குறிக்கும் ஓரிடத்தில் இச்சொல், தோண்டுவோர் உடைத்துச் செல்லவேண்டிய கடினமான நிலத்தைச் சுட்டி வருகிறது. தென்பாண்டிக் கடற்கரையில் இப்பொருள் இன்றும் உயிருடன் உள்ளது. மணலும் சேறுமாகிய கடலடியிலிருந்து வேறுபட்டு, கடினமான கல்லடியாக விளங்கும் இடமே மீனவர் வழக்கில் பார் எனப்படும். அது பவளம் வளர்ந்த திட்டாகவும் இருக்கலாம்; முத்துச்சிப்பி படிந்த பாறைத்தளமாகவும் இருக்கலாம்; கடற்பாசியும் கடற்பஞ்சும் மூடிய வெறும் கல்லாகவும் இருக்கலாம்.

இவ்வழக்கு அறிவியல் வகைப்பாட்டினின்று வேறுபட்டது. கடலியலார் முதலில் உயிரினத்தை நோக்கிப் பவளத்திட்டு, சிப்பிப்படுகை, பாசிப்படுகை என வகுப்பர். மீனவரோ முதலில் தளத்தை நோக்குவர். தளம் கல்லாக இருந்தால் களவா, விளைமீன், ஓரா, சிங்கிறால் முதலியன அங்குத் தங்கும், வலை கிழியும், தூண்டில் பயன்தரும். தொழிலுக்கு இன்றியமையாத இம்மூன்று செய்திகளையும் பார் என்னும் ஒரு சொல் உணர்த்திவிடுகிறது. பவளம் அழிந்த பின்னும் பார் பாராகவே நிற்கும் என்பதும் கருதத்தக்கது. எனவே ‘பார் உள்ளது’ என்னும் கூற்றை ‘பவளம் உள்ளது’ என ஆய்வாளர் கொள்ளலாகாது.

மன்னார் வளைகுடாவின் தீவுப் பெயர்களிலும் கடலடி பற்றிய செய்திகள் பொதிந்துள்ளன. கீழக்கரைத் தொகுதியில் ஆனைப்பார் என ஒரு தீவு உண்டு. கரியசல்லி, விலாங்குசல்லி, புலுவினிச்சல்லி என மூன்று தீவுப் பெயர்கள் ‘சல்லி’ என முடிகின்றன. சல்லி என்பது உடைந்த சிறுகல். பவளத்திட்டிலிருந்து அலையால் உடைபட்ட துண்டுகளும் மணலும் குவிந்து உருவான தீவுகளுக்கு இப்பெயர் பொருந்துவதாகும். நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்னும் பெயர்கள் இறங்கித் தங்குவோர்க்கு வேண்டிய குடிநீர்ச் செய்தியைத் தருகின்றன. இவற்றுள் விலாங்குசல்லித் தீவும் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டித் தீவும் இன்று நீர்மட்டத்துக்குக் கீழே சென்றுவிட்டன. அங்குத் தீவு இருந்தமைக்குப் பெயர் சான்றாக நிற்கிறது.

முத்துப் பார் ஆய்வு: நலமறிதலின் முன்வடிவம்

கடலடி வாழிடத்தை ஆண்டுதோறும் பார்த்து அதன் நிலையை எண்ணால் குறிக்கும் வழக்கம் இக்கடலுக்குப் புதிதன்று. தூத்துக்குடிக் கடலின் முத்துப் பார்கள் ஆட்சியாளரின் வருவாய்க்கு உரியவையாக இருந்தமையால், சலாபம் நடத்துவதற்கு முன் அவற்றை ஆய்ந்து பார்க்கும் முறை நிலவியது. குளியாளிகள் குறிப்பிட்ட பார்களில் மூழ்கி, ஒரு முழுக்கில் எத்தனை சிப்பி கிடைக்கிறது என்பதைக் கணக்கிட்டனர். எடுத்த சிப்பிகளின் அகவை மதிப்பிடப்பட்டது. ஒரு பகுதி சிப்பிகளைத் திறந்து, கிடைத்த முத்துகளின் மதிப்பும் கணிக்கப்பட்டது. இவற்றின் அடிப்படையிலேயே அவ்வாண்டு சலாபம் உண்டா இல்லையா என்பது முடிவாயிற்று. ஓர் அலகு முயற்சிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்னும் அளவுகோல் இன்றைய மீன்வள அறிவியலிலும் அடிப்படையானது. அதன் எளிய வடிவம் இங்கு முன்னரே இயங்கியுள்ளது.

இவ்வாய்வுகளால் பார்ப்பெயர்கள் எழுத்தில் ஏறின. எட்கர் தர்ஸ்டன் 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்புப் பற்றி எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் சென்னை அரசுக்கு இந்திய முத்துக்குளிப்புப் பற்றிய அறிக்கை அளித்தார். தொள்ளாயிரம் பார், கூத்தடியார் பார், பாண்டியன் பார், மணப்பாட்டுப் பெரிய பார், வான்தீவு அருபகம் முதலிய பெயர்கள் இத்தகைய ஆவணங்களின் வழியே நமக்குக் கிடைக்கின்றன. அவை ஆங்கில எழுத்தில் பதியப்பட்டமையால் சிலவற்றின் சரியான தமிழ் வடிவம் ஐயத்துக்கு இடமளிக்கிறது. ‘அருபகம்’ என்பது ஓர் எடுத்துக்காட்டு. கடலாழத்தை அளக்கும் அலகு ‘பாகம்’ ஆகும். விரித்த இரு கைகளின் நீளம் ஒரு பாகம். அருபகம் என்பதை ‘ஆறு பாகம்’ என்பதன் திரிபாகக் கொள்ள இடமுண்டு. அவ்வாறாயின் அப்பெயரே ஓர் ஆழ அளவீடாகும். ஆறு பாகம் என்பது ஏறத்தாழ 11 மீட்டர். இக்கருத்தை அப்பார்களின் இன்றைய ஆழத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலும். சொல்லாய்வும் கடலளவையும் ஒன்றையொன்று சரிபார்க்கக்கூடிய இடம் இது.

பெயரில் உற்றுநோக்கல் பொதிந்திருப்பதற்கு இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். வில்லியம் ஹெர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்து ஆய்ந்து, 1903 முதல் 1906 வரை வெளியிட்ட அறிக்கையில் பெரிய பார் என்னும் பாரைப் பற்றி விரிவாகக் குறித்துள்ளார். அங்கே இளஞ்சிப்பிகள் மீண்டும் மீண்டும் பெருந்தொகையாகப் படிந்தன. ஆனால் சலாபத்துக்குரிய அகவையை எட்டுமுன் மறைந்தன. உள்ளூர் மக்கள் அதைத் ‘தாய்ப் பார்’ எனும் பொருள்பட வழங்கினர். இளஞ்சிப்பிகள் அங்கிருந்து பிற பார்களுக்குச் செல்வதாகக் கருதினர். பருவக்காற்றுக் காலத்தின் அலையும் நீரோட்டமும் அவற்றை அழித்துவிடுவதாக ஹெர்ட்மன் கொண்டார். காரணம் குறித்து இருதரப்பும் வேறுபட்டன. ஆயினும் அப்பாரில் இளஞ்சிப்பி படிகிறது, முதிர்வதில்லை என்னும் உற்றுநோக்கல் மக்களிடம் முன்பே இருந்தது. அது பெயராகவும் நிலைத்திருந்தது. மரபறிவைப் பயன்படுத்துவோர் உற்றுநோக்கலையும் அதற்குத் தரப்படும் விளக்கத்தையும் தனித்தனியே பதியவேண்டும் என்பதை இச்சான்று கற்பிக்கிறது.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்புக்குப் பின் சலாபம் நிகழவில்லை. சலாபம் நின்றதும் பார்களை ஆண்டுதோறும் பார்க்கவேண்டிய வருவாய்க் காரணமும் மறைந்தது.

இன்றைய வரைபட முறைகள்

கடலடியை வரைய இன்று மூன்று தொலைவுகளிலிருந்து நோக்குகின்றனர்.

முதலாவது, வானிலிருந்து நோக்குவது. செயற்கைக்கோள் படத்தில் ஆழமற்ற திட்டு, மணல், கடற்புல் ஆகியன வெவ்வேறு நிறச்செறிவுடன் தோன்றும். அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் இந்தியப் பவளத்திட்டுகளை இம்முறையில் வரைந்துள்ளது. பரந்த பரப்பைக் குறைந்த செலவில் காட்டுவது இதன் சிறப்பு. ஒளி நீரில் புகும் ஆழமே இதன் எல்லை. கலங்கிய நீரில் சில மீட்டருக்குக் கீழே உள்ளவை படத்தில் பதியா. உயிருள்ள பவளத்தையும் பாசி மூடிய இறந்த பவளத்தையும் வேறுபடுத்துவதும் இதற்கு அரிது.

இரண்டாவது, நீர்மட்டத்திலிருந்து ஒலியால் நோக்குவது. படகிலிருந்து அனுப்பும் ஒலி கடலடியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக்கொண்டு ஆழம் கணிக்கப்படுகிறது. ஒற்றைக்கற்றை ஒலிமானி படகின் நேர்கீழே உள்ள ஆழத்தைத் தரும். பல்கற்றை சோனார் படகின் இருபுறமும் அகன்ற பட்டையொன்றைத் தொடர்ச்சியாக அளக்கும். திரும்பும் ஒலியின் வலிமை தளத்தின் தன்மையையும் ஓரளவு உணர்த்தும். கல்லில் பட்ட ஒலி வலிந்தும் சேற்றில் பட்ட ஒலி மெலிந்தும் திரும்பும். கலங்கல் இம்முறைக்குத் தடையன்று.

மூன்றாவது, நீருக்குள் சென்று நேரில் காண்பது. ஸ்கூபா கருவியுடன் மூழ்குவோர் அளவுநாடா, சட்டம், ஒளிப்படக்கருவி ஆகியவற்றைக் கொண்டு பதிவுசெய்வர். மிகுந்த நுட்பம் தருவது இதுவே. மிகக் குறைந்த பரப்பை அளப்பதும் இதுவே. முதலிரு முறைகள் காட்டுவன இங்கு வந்தே மெய்ப்பிக்கப்படுகின்றன.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் 2005 வரை நீருக்கடியில் மேற்கொண்ட அளவையே மன்னார் வளைகுடாத் தீவுத் திட்டுகளுக்கு விரிவான அடித்தளம் அமைத்தது. ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் திட்டுப்பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் முன்னரே சிதைந்துவிட்டதாக அவ்வளவை காட்டிற்று. பவளக்கல் வெட்டியெடுத்தலும் திட்டைச் சிதைக்கும் மீன்பிடி முறைகளும் அதற்கு முதன்மைக் காரணங்கள். பவளம் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஆனால் வெட்டப்பட்ட திட்டு அலையைத் தடுக்கும் ஆற்றலை அதற்குள் இழந்திருந்தது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவு அரிப்பால் பெரிதும் சுருங்கியது. அதைக் காக்கும்பொருட்டு 2015 முதல் கற்காரையாலான செயற்கைத் திட்டுகள் கடலடியில் நிறுவப்பட்டன.

நலத்தை எண்ணால் குறித்தல்

திட்டின் நலத்தைக் குறிக்கப் பரவலாகப் பயன்படும் அளவு, உயிர்ப்பவளப் பரப்பு விழுக்காடு. அதனை அளக்கும் முறை எளிது. திட்டின்மேல் 20 மீட்டர் நீள நாடா ஒன்று விரிக்கப்படும். நாடாவின் கீழ் எத்தனை சென்டிமீட்டர் உயிருள்ள பவளம், எத்தனை இறந்த பவளம், எத்தனை பாசி, எத்தனை மணல் என மூழ்குபவர் குறித்துக்கொண்டே செல்வார். உயிருள்ள பவளத்தின் கீழ் அமைந்த நீளங்களின் கூட்டுத்தொகை 5.4 மீட்டர் எனில், அக்கோட்டில் உயிர்ப்பவளப் பரப்பு 27 விழுக்காடு. இவ்வாறு பல கோடுகளை இட்டுச் சராசரி காண்பர். 25 விழுக்காட்டுக்கும் குறைவானது நலிந்தது, 25 முதல் 50 வரை இடைநிலை, 50 முதல் 75 வரை நன்று, அதற்கு மேல் மிக நன்று என்னும் வகைப்பாடு தென்கிழக்காசிய ஆய்வுகளின் வழியே பரவியுள்ளது.

மன்னார் வளைகுடாவில் இவ்வளவு மாறிய வரலாறு கவனிக்கத்தக்கது. 2005இல் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2009இல் ஏறத்தாழ 43 ஆக உயர்ந்தது. கல் வெட்டுதல் நின்றமை இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 2010 கோடையில் கடல்நீர் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளிறின. பரப்பு ஏறத்தாழ 33 ஆகக் குறைந்தது. பின்னர்ப் படிப்படியாகத் தேறி 39ஐ நெருங்கிய நிலையில், 2016ஆம் ஆண்டின் வெளிறல் அதனை ஏறத்தாழ 23 விழுக்காட்டுக்குத் தாழ்த்தியது. இடைநிலையில் இருந்த திட்டுகள் ஒரு கோடையில் நலிந்த வகைக்குள் வீழ்ந்தன.

வெளிறல் என்பது இறப்பன்று. பவள உயிரியின் திசுவினுள் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகின்றன. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைத் தாண்டிச் சில வாரங்கள் நீடித்தால் இக்கூட்டுறவு முறிந்து நுண்பாசிகள் வெளியேறுகின்றன. வெண்ணிறச் சுண்ணக்கூடு புலப்படுகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீளும்; தணியாவிடில் பவளம் பட்டினியால் இறக்கும். மன்னார் வளைகுடாவில் நீர் 30 பாகை செல்சியசைக் கடக்கும் கோடை வாரங்களே இடர்மிக்கவை. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2011 முதல் செயற்கைக்கோள் வெப்பத் தரவைக்கொண்டு வெளிறல் எச்சரிக்கை வழங்கிவருகிறது.

விழுக்காட்டின் வரம்பையும் உணர்தல் வேண்டும். கிளைத்து விரைந்து வளரும் அக்ரோபோரா, மாண்டிபோரா இனங்கள் வெப்பத்தால் முதலில் இறக்கின்றன. திரண்டு மெல்ல வளரும் போரைட்டஸ் பெரும்பாலும் தேறுகிறது. ஆகவே ஒரு திட்டு இழந்த விழுக்காட்டை மீளப் பெற்றாலும் அதில் வாழும் இனங்கள் மாறியிருக்கலாம். கிளைப்பவளத்தின் இடுக்குகளில் ஒதுங்கும் சிறுமீன்களுக்குத் திரள்பவளம் அதே புகலிடத்தைத் தராது. இளம்பவளங்களின் எண்ணிக்கை, பாசியின் பரப்பு, பாசியை மேயும் மீன்களின் அளவு, படிவு மணலின் தன்மை ஆகியனவற்றைச் சேர்த்து நோக்கும்போதே நலம் என்னும் சொல் பொருளுடையதாகும்.

தீவுகளுக்குத் தெற்கே

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. அதன் 560 சதுர கிலோமீட்டர் பரப்பு தூத்துக்குடியோடு முடிகிறது. உயிர்க்கோளக் காப்பகம் 1989இல் அறிவிக்கப்பட்டது. ஆய்வின் கவனமும் இயல்பாகவே தீவுகளைச் சுற்றி நிலைகொண்டது. தீவுகள் முடியுமிடத்தில் பார்கள் முடிந்துவிடவில்லை. தாமிரபரணி கடலொடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அப்பால் பவளத்திட்டுகள் இருப்பதை நீருக்கடி ஆய்வுகள் பதிந்துள்ளன. மணப்பாட்டுக்கு அப்பாலுள்ள பார்களை முத்தாவணங்கள் பெயர்சொல்லிக் குறிக்கின்றன. குமரிமுனைக்குத் தெற்கே, மீன்வளம் மிக்க வாட்ஜ் கரை என்னும் பரந்த கடலடி மேடு உள்ளது. இந்திய, இலங்கை அரசுகள் 1976இல் செய்துகொண்ட உடன்பாடு அதன்மீது இந்தியாவின் இறையாண்மை உரிமைகளை ஏற்றது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே வள்ளியூருக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் அமைந்த இராதாபுரம் வட்டக் கடற்கரை. இங்கே தீவுகள் இல்லை. நீர்மட்டத்தில் தலைகாட்டாத ஆழத்தில் கிடக்கும் பார்களைச் செயற்கைக்கோள் எளிதில் காணாது. பூங்காவின் எல்லைக்குள் இல்லாமையால் தொடர்கண்காணிப்பும் இவற்றுக்கு வாய்க்கவில்லை. உள்ளூரில் இவற்றின் இருப்பிடத்தை அறிந்தவர்கள் நாள்தோறும் அங்குத் தூண்டிலிடுவோரே.

இந்த இடைவெளி ஏட்டளவிலான குறையன்று. கூடங்குளம் அணுமின் நிலையம் கடல்நீரைக் குளிர்விப்புக்குப் பயன்படுத்திக் கடலுக்கே திருப்பி அனுப்புகிறது. இழுவைமடி கல்லடிப் பரப்பின் விளிம்புகளை உரசிச் செல்கிறது. கோடை வெப்பம் உயர்ந்துவருகிறது. இவற்றால் பார்கள் நலிந்தன என ஒருவர் கூறினாலும், நலியவில்லை என மற்றொருவர் கூறினாலும், முன்னிலை பதியப்படாத இடத்தில் இருகூற்றையும் சோதிக்க வழியில்லை. மெய்ப்பிக்கும் சுமை அங்கே பெரும்பாலும் மீனவர்மீதே விழுகிறது. அவர்களிடம் இருப்பதோ எழுதப்படாத சான்று.

கரைக்குறிக் கணக்கு

எழுதப்படாத அச்சான்றின் துல்லியம் எத்தகையது என்னும் வினா எழும். கடலில் ஒரு பாரை மீண்டும் கண்டடைய மீனவர் பயன்படுத்திய முறை கரைக்குறி ஆகும். திருவனந்தபுரம் கடற்கரையில் இது கணிச்சம் என வழங்குகிறது. கரையிலுள்ள ஒரு கோபுரமும் அதன் பின்னே தொலைவிலுள்ள ஒரு மலைமுகடும் ஒரே நேர்க்கோட்டில் தோன்றுமாறு படகு நிற்கவேண்டும். அதே வேளையில் வேறொரு திசையில் இன்னொரு முன்குறியும் பின்குறியும் ஒன்றவேண்டும். இரு கோடுகள் வெட்டும் புள்ளியே பார்.

இதன் நுட்பத்தை எளிய கணக்கால் காட்டலாம். படகு கரையிலிருந்து 10 கிலோமீட்டர் தொலைவிலும், முன்குறி கரையிலும், பின்குறியான மலை கரைக்கு 30 கிலோமீட்டர் உள்ளேயும் இருப்பதாகக் கொள்வோம். கூரிய கண் பிரித்தறியும் மிகச்சிறு கோணம் பாகையில் அறுபதில் ஒரு பங்கு எனில், படகு பக்கவாட்டில் ஏறத்தாழ 4 மீட்டர் விலகினாலே இரு குறிகளும் பிரிந்து தோன்றவேண்டும். பின்குறி கரைக்கு 1 கிலோமீட்டர் உள்ளே மட்டும் இருப்பின் அதே பிரிவுக்கு 30 மீட்டருக்கும் மேல் விலகவேண்டும். படகின் ஆட்டம், கோபுரத்தின் அகலம், காற்றின் மங்கல் ஆகியன உண்மையில் இத்துல்லியத்தைப் பன்மடங்கு குறைக்கும். ஆயினும் சில பத்து மீட்டருக்குள் ஒரு பாரைக் கண்டடைய இம்முறை போதுமானது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தொலைவு கூடுந்தோறும் நுட்பமும் கூடும் என்பதே இக்கணக்கின் கருத்து.

இவ்வகையில் வள்ளியூர் வட்டாரத்தின் நில அமைப்பு சிறப்புடையது. கடற்கரையில் உவரி, இடிந்தகரை, மணப்பாடு முதலிய ஊர்களின் தேவாலயக் கோபுரங்கள் உயர்ந்து நிற்கின்றன. பின்னே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி முகடுகள், மகேந்திரகிரி உட்பட, எழுகின்றன. இடையே வள்ளியூர்ச் சமவெளி தட்டையாகக் கிடக்கிறது. நல்ல முன்குறியும் தொலைவான பின்குறியும் ஒருங்கே அமைந்த இந்நிலக்காட்சி, கடலிலிருந்து நோக்குவோர்க்கு இயற்கையே வரைந்து தந்த அளவுகோலாகும்.

இன்று ஜி.பி.எஸ். கருவி அவ்விடத்தைப் பெற்றுவிட்டது. கருவியில் பார் ஓர் எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. எண்ணுக்குப் பெயர் தேவையில்லை, கரைக்குறி தேவையில்லை, இளையவருக்குச் சொல்லித்தரவும் தேவையில்லை. கருவி பழுதானால் எண் மறையும். அதனினும் முதன்மையான இழப்பு வேறொன்று: ‘இப்பாரில் முன்பு களவா மிகுதி, இப்போது இல்லை’ என்னும் கூற்று பெயரோடு ஒட்டியே நினைவில் நிற்கும். பெயர் மறைந்தால் அக்கூற்று ஒட்டுவதற்கு இடமின்றி உதிர்ந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்த நாளின் நிலையையே இயல்பான நிலையாகக் கொள்வதை மீனியலறிஞர் டேனியல் பாலி 1995இல் சுட்டிக்காட்டினார். முன்னோர் சொல் அறுந்த இடத்தில் இப்பிழை இன்னும் விரைந்து நிகழும்.

பார்ப்பெயர்ப் பதிவேடு

ஆகவே பார்ப்பெயர்களைத் தொகுப்பது அகராதிப் பணியாக மட்டும் அமையாது. அது கடலடி வரைபடத்தின் முதற்படியாகும். திருவனந்தபுரத்தில் இயங்கும் ஃபிரண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் அமைப்பு, மீனவர் அறிவையும் நீர்மூழ்கிப் பதிவையும் இணைத்து அக்கடலின் பார்களை ஆவணப்படுத்தியது நமக்கு அண்மையிலுள்ள முன்மாதிரி. உவரியைச் சேர்ந்த ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ போன்ற புதினங்கள் இக்கரையின் வழக்கை இலக்கியத்தில் நிலைபெறச் செய்துள்ளன. சொல்லையும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும் பதிவேடே இனி வேண்டுவது.

அப்பதிவேட்டில் ஒவ்வொரு பாருக்கும் பின்வருவன இடம்பெறலாம்: பெயரும் ஊர்தோறும் அதன் வேறுபாடும், பெயர்க்காரணமாகச் சொல்லப்படுவது, பாகக் கணக்கில் ஆழம், கரைக்குறிகள், தளத்தின் தன்மை, வாடை, கச்சான், கொண்டல், சோழகம் ஆகிய காற்றுக் காலங்களில் அங்குக் கிடைக்கும் மீன், தகவலாளர் தொழிலுக்கு வந்த காலம், அன்றுமுதல் அவர் கண்ட மாற்றம். கண்டதும் கருதியதும் தனித்தனிக் கட்டங்களில் எழுதப்படவேண்டும். ஒரே பாரைப் பற்றி வெவ்வேறு அகவையினரைத் தனித்தனியே கேட்டால் மாற்றத்தின் காலம் ஓரளவு தெளிவாகும். இரண்டாம் நிலையில் மீனவர் படகிலேயே ஒலிமானி கொண்டு ஆழமும் தளமும் சரிபார்க்கப்படும். மூன்றாம் நிலையில் தேர்ந்தெடுத்த பார்களில் கடலியலார் மூழ்கி, மேற்சொன்ன கோட்டளவையை மேற்கொள்வர். பெயர் எங்குத் தேடுவது என்பதைக் காட்டும். ஒலி அதன் வடிவைக் காட்டும். கண் அதன் நலத்தைக் காட்டும்.

இங்கு ஓர் அறநெறி வினாவும் உண்டு. ஒரு பாரின் இருப்பிடம் அதனை அறிந்த குடும்பத்தின் வாழ்வாதாரம். அதனை வரைபடத்தில் வெளியிடுவது, பெரும்படகுகளுக்கு வழிகாட்டி அப்பாரையே அழிக்கக்கூடும். எனவே துல்லியமான இருப்பிடத்தை ஊரவையின் பொறுப்பில் வைத்து, பெயர், ஆழம், வாழிடத்தன்மை, மாற்றம் ஆகியவற்றை மட்டும் வெளியிடுதல் தகும். எதை வெளியிடலாம் என்பதை முடிவுசெய்யும் உரிமை சொன்னவர்க்கே இருத்தல் வேண்டும். இவ்வுறுதியை முன்கூட்டியே அளிக்காத தொகுப்புப்பணிக்கு உண்மையான விடைகளும் கிடைக்கமாட்டா.

முடிவுரை

கடலடி வாழிடத்தின் நலம் என்பது ஒரு நாளில் எடுக்கும் அளவன்று. இரு காலங்களுக்கு இடையிலான ஒப்பீடு. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு அவ்வொப்பீடு இன்று கைகூடியுள்ளது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் இழப்பை நாம் எண்ணால் கூறமுடிவது அதற்கு முன்னரே அளவை நடந்தமையால்தான். தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள பார்களுக்கு அத்தகைய முன்னளவை இல்லை. அதற்கு ஈடாக இருப்பவை, முத்தாவணங்களில் பிறமொழி எழுத்தில் சிதைந்து கிடக்கும் சில பெயர்களும், கட்டுமரக் காலத்தை அறிந்த முதியோரின் நினைவும் மட்டுமே. முன்னதைத் தமிழ் வடிவில் மீட்பதும் பின்னதைக் கேட்டு எழுதுவதும் மொழியாய்வின் கருவிகளால் ஆகக்கூடியவை. சோனாரும் நீர்மூழ்கியும் அடுத்த பத்தாண்டில் வந்தாலும் பார் அங்கேயே கிடக்கும். அதன் பெயரையும் பழைய நிலையையும் சொல்வோர் அதுவரை இருப்பர் என்னும் உறுதியில்லை. ஆதலின் தொகுப்புப்பணியே முதலில் தொடங்கப்பெறுதல் வேண்டும்.